இல்லம் பேணுவோம்: வழவழப்பான வண்ணத்துக்கு வழி



பெருநாள் நெருங்கும்போதும், வீட்டில் திருமணம் நிச்சயமாகும்போதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு, "வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே!" என்பதுதான். சுண்ணாம்பில் நீலம் கலந்து மட்டையால் அடித்த காலம் போய், டிஸ்டெம்பர் வந்து, அதுவும் போய், இன்று பெரும்பாலான வீடுகளில் எமல்ஷன் வண்ணம் இடம்பிடித்திருக்கிறது. அதனோடு புதிதாக ஒன்றும் நுழைந்திருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் தெளிப்பான்கள், அதாவது ஸ்பிரே கன்கள், இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. கூலி மிச்சம், நேரம் மிச்சம், கண்ணாடி போன்ற வழவழப்பு என்று எண்ணிப் பலர் அவற்றை வாங்கிவிடுகிறார்கள். அடித்து முடித்த பின்போ கதவு ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. ஓரங்களில் வண்ணம் கண்ணீராக வழிந்து உறைந்திருக்கிறது. குறை கருவியிலா, வண்ணத்திலா என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

பெரும்பாலும் இரண்டிலும் குறை இருப்பதில்லை. வழவழப்பின் பெரும்பகுதி, தெளிப்பானைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எஞ்சிய பகுதி, ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே நாம் காட்டும் பொறுமையில் இருக்கிறது. இந்த இதழில் ஒரு சுவரலமாரியின் மரக் கதவுகளை எடுத்துக்கொண்டு இதை முறையாகப் பார்ப்போம். நீங்களே செய்தாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, இம்முறை தெரிந்திருந்தால் பணமும் உழைப்பும் விரயமாகா. அவற்றினும் மேலாக, வீட்டிலுள்ளோர் உடல்நலமும் காக்கப்படும். அது ஏன் என்பதையும் இடையில் சொல்கிறோம்.

பெயரும் பொருளும்

மேல்நாட்டார் 'லேடெக்ஸ் பெயிண்ட்' என்று சொல்வதைத்தான் நாம் எமல்ஷன் அல்லது பிளாஸ்டிக் பெயிண்ட் என்கிறோம். லேடெக்ஸ் என்பது ரப்பர்ப் பாலைக் குறிக்கும் சொல். ஆனால் இவ்வண்ணத்தில் ரப்பர் மரத்துப் பால் ஒரு துளியும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது இயற்கை ரப்பர் கிடைக்காமல் அமெரிக்கர்கள் செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தார்கள். போர் முடிந்ததும் அதே வகைப் பாலை வண்ணத்துக்குப் பயன்படுத்தி, 1948-இல் கிளிடன் என்னும் நிறுவனம் 'ஸ்பிரெட் சாட்டின்' என்ற நீர் வண்ணத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953-இல் அக்ரிலிக் வகை வந்தது. ரப்பர்ப் பால் மறைந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வண்ணம் உலரும் விதத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். நீரில் நுண்ணிய பிசின் துகள்களும் நிறப்பொடியும் மிதந்துகொண்டிருக்கின்றன. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. தெளிப்பானிலிருந்து வரும் வண்ணமோ நுண்துளிகளாக வந்து விழுகிறது. அத்துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் நீர் காய்ந்துவிட்டால் துளிகள் மேடுகளாகவே நின்றுவிடும். அதுதான் ஆரஞ்சுத் தோல். மாறாக, நீர் அளவுக்கு மிஞ்சினால் துளிகள் நிற்காமல் வழிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் கண்டுபிடிப்பதே இக்கலையின் சாரம்.

எதற்குத் தெளிப்பான்?

ஆள் புழங்கும் ஓர் அறையின் சுவர்களுக்கு மட்டும் வண்ணமடிப்பதென்றால் உருளையே போதும். தெளிப்பானைக் கொண்டு சுவருக்கு அடித்தால் தரை, சன்னல், மின்விசிறி, பரண் எல்லாவற்றையும் மூடி மறைக்க ஒரு நாள் போய்விடும். காற்றில் பறக்கும் சாரலால் வண்ணமும் வீணாகும். ஒழிந்து கிடக்கும் புது வீடாக இருந்தால் அது வேறு. அங்கேயும் முதற்பூச்சைத் தெளித்தவுடன் ஈரத்தோடு உருளையை ஒருமுறை ஓட்டினால்தான் வண்ணம் சுவரின் நுண்துளைகளில் நன்கு இறங்கும்.

தெளிப்பான் உண்மையிலேயே பயன்தருவது, தூரிகையின் கோடுகள் துலக்கமாகத் தெரியும் பொருள்களுக்கும், தூரிகை நுழைய முடியாத பொருள்களுக்கும் ஆகும். அலமாரிக் கதவு, சமையலறைப் பெட்டகம், அடுக்குப் பலகைச் சன்னல், மரத்தாலான ஜாலி வேலைப்பாடு, பிரம்பு நாற்காலி ஆகியவை இவ்வகையின.

இக்கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1887-இல் சிகாகோ நகரின் மார்ஷல் ஃபீல்டு அங்காடியில் பராமரிப்புப் பணியில் இருந்த ஜோசப் பிங்க்ஸ், நிலவறைச் சுவர்களுக்கு விரைவாகச் சுண்ணாம்பு தெளிக்கக் கைப்பம்பு ஒன்றை அமைத்தார். 1893-இல் அதே நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் வெண்ணிறக் கட்டடங்களும் தெளிப்பு முறையிலேயே வெள்ளையடிக்கப்பட்டன. தெளிப்பான் பிறந்தது வேகத்துக்காக. வழவழப்பைத் தருவது அதைப் பிடித்திருக்கும் கையும் அதற்கு முன் நடந்த ஆயத்தமுமே.

வீட்டு வேலைக்கு மூன்று வகைக் கருவிகள் உண்டு. முதலாவது, கம்ப்ரஸருடன் இணைத்துப் பயன்படுத்தும் பழைய வகைத் துப்பாக்கி. கார்ப் பட்டறைகளில் காண்பது இதுவே. எமல்ஷன் கெட்டியானது என்பதால் இதற்கு அகன்ற முனை வேண்டும், 1.8 மில்லி மீட்டருக்குக் குறைந்த முனை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் வீசும் 'எச்.வி.எல்.பி.' வகை. கையடக்கமாகக் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். அதன் வாயில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மேற்படாது. ஆகவே சாரல் குறைவு. அலமாரிக் கதவுக்கு இது பொருத்தமானது. மூன்றாவது, காற்றே இல்லாமல் வண்ணத்தை மட்டும் அழுத்தித் தள்ளும் 'ஏர்லெஸ்' வகை. இதில் அழுத்தம் 1,500 பவுண்டு முதல் 3,000 பவுண்டு வரை போகும். கார் சக்கரத்தில் நாம் ஏற்றுவது ஏறத்தாழ 30 பவுண்டு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது ஒப்பந்தக்காரர்களின் கருவி. பழகாத கைகளுக்கு ஏற்றதன்று.

பழைய வண்ணத்தை முதலில் அறிக

இனி நம் கதவுக்கு வருவோம். அதன்மேல் இப்போதுள்ளது எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா? மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு மூலையில் அரை நிமிடம் தேயுங்கள். வண்ணம் இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது நீர் வண்ணம். ஒட்டாவிட்டால் எனாமல் போன்ற எண்ணெய் வண்ணம். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பின்மேல் எமல்ஷனை நேரடியாக அடித்தால் சில மாதங்களில் தோலாக உரிந்து வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை வாசிக்கும் தாய்மார்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களிலும், நம் வீடுகளில் விரும்பித் தீட்டப்பட்ட பச்சையிலும் இது மிகுதி. மஞ்சள் தரும் ஈயக் குரோமேட்டுடன் நீலத்தைக் கலந்தே பச்சை நிறம் ஆக்கப்படுவதுண்டு. அமெரிக்கா 1978-இலேயே வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்ட விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, வீட்டு வண்ணத்தில் ஈயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது. எனவே பாட்டனார் காலத்துக் கதவுகளையும், அந்த ஆண்டுக்கு முன் வண்ணமடித்த கதவுகளையும் ஈயம் உள்ளனவாகவே கருதிக்கொள்வது பாதுகாப்பு.

ஈயம் மரத்தில் ஒட்டியிருக்கும் வரை தீங்கு குறைவு. உப்புத்தாள் கொண்டு உலர்ந்த நிலையில் தேய்க்கும்போதுதான் அது நுண்தூளாகப் பறந்து, தரையிலும் தொட்டிலிலும் விளையாட்டுப் பொருள்களிலும் படிகிறது. தவழும் குழந்தையின் விரல் அதைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் அறிவுத் திறனையும் ஈயம் பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கருவுற்றிருக்கும் பெண்கள் வழியாக வயிற்றிலுள்ள சிசுவுக்கும் அது சென்றடையும். ஒரு வாரம் கதவு மினுமினுக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் அறிவைப் பணயம் வைக்கலாமா?

ஆகையால், பழைய வண்ணம் மரத்தோடு உறுதியாக ஒட்டியிருந்தால் அதை முழுவதும் சுரண்ட முற்பட வேண்டாம். கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் தாளை நீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் ஈரத்தோடு தேயுங்கள். வழியும் சேற்றை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தீச்சுவாலை காட்டி வண்ணத்தை உரிக்கவே கூடாது. ஈயப் புகை தூளினும் கொடியது. வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அனுமதிக்காதீர்கள். வண்ணம் பல இடங்களில் வெடித்து உரிந்துகொண்டிருந்தால், கதவையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவது நலம்.

பரப்பைப் பண்படுத்துதல்

கதவுகளைக் கீல்களிலிருந்து கழற்றிவிடுங்கள். எந்தக் கதவு எந்த இடத்துக்குரியது என்று கீல் பொருந்தும் குழியில் பென்சிலால் எண் இடுங்கள். கைப்பிடிகளையும் தாழ்ப்பாள்களையும் அகற்றித் திருகாணிகளோடு தனித்தனியே பொட்டலம் கட்டி வையுங்கள்.

அடுத்தது கழுவுதல். சமையலறைப் பெட்டகத்தில் தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். அலமாரிக் கைப்பிடியைச் சுற்றித் தலைக்கு வைக்கும் எண்ணெயின் கறை இருக்கும். எண்ணெய்க் கறையின்மேல் நீர் வண்ணம் ஒட்டாது. சிறு சிறு வட்டக் குழிகளாக விலகி நிற்கும். இதை 'மீன் கண்' என்பார்கள். சோப்புத் தூளோ சலவைச் சோடாவோ கரைத்த நீரால் துடைத்து, பின் நல்ல நீரால் இருமுறை துடைத்து, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரவிடுங்கள்.

உலர்ந்த பின் ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் மரத்துக்குரிய பட்டியால் நிரப்ப வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல், மெல்லியதாக இருமுறை இழுங்கள். காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளாலும் பிறகு 220 எண்ணாலும் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். கண்ணை மூடி விரல் நுனியால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய மேடும் பள்ளமும் தட்டுப்படும். வண்ணம் பள்ளத்தை நிரப்பாது; அதை வெளிச்சம் போட்டுக் காட்டும். பளபளப்பு மிகுந்த வண்ணமாக இருந்தால் இன்னும் அப்பட்டமாகக் காட்டும்.

பிறகு மரத்துக்குரிய பிரைமர். எண்ணெய் வண்ணம் இருந்த பரப்பாயின், அதைப் பற்றிப் பிடிக்கும் வகைப் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். மரத்தில் முடிச்சுகள் இருந்தால் அவற்றின் பழுப்புச் சாறு வெள்ளை வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அவ்விடங்களில் மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை முன்னதாகவே தடவிவிட்டால் கறை அடங்கும். நீர் கலந்த பிரைமர் பட்டதும் மர இழைகள் சிலிர்த்து எழுந்து சொரசொரக்கும். அஞ்ச வேண்டாம். காய்ந்ததும் 220 அல்லது 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்தெடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். ஆனால் கதவு கண்ணாடி போலாவது இங்கேதான்.

கலப்பதும் வடிகட்டுவதும்

நீர் எவ்வளவு சேர்ப்பது? இக்கேள்விக்கு எல்லா வண்ணங்களுக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. அமெரிக்க வழிகாட்டிகள் 10 விழுக்காட்டைத் தாண்டாதே என்று பொதுவாகச் சொல்லும். நம் நாட்டு எமல்ஷன்கள் சில கெட்டியாகவே தயாரிக்கப்படுபவை. தூரிகைக்கே 40 விழுக்காட்டுக்கு மேல் நீர் சேர்க்கச் சொல்லும் டப்பாக்களும் உண்டு. எனவே டப்பாவில் அச்சிட்டிருப்பதே உங்களுக்கு எல்லை. அந்த எல்லைக்குள், 1 லிட்டர் வண்ணத்துக்கு 50 மில்லி லிட்டர் வீதம் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிப் பாருங்கள். கருவியுடன் ஓட்டையிட்ட சிறு அளவுக் குவளை வந்திருந்தால், அதில் வண்ணம் எத்தனை விநாடியில் ஒழுக வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். குவளை இல்லையேல், கலக்கும் குச்சியைத் தூக்கிப் பாருங்கள். வண்ணம் அறுபடாத மெல்லிய நூலாக இறங்கி, முடிவில் சொட்டுகளாக உதிர்ந்தால் பதம் சரி. சொத் சொத்தென்று கட்டியாக விழுந்தால் இன்னும் நீர் தேவை. பால் போல ஓடினால் மிஞ்சிவிட்டது. சிறிது வண்ணம் சேருங்கள்.

கலந்ததைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். டப்பா விளிம்பில் காய்ந்த ஏடு ஒன்று முனையில் அடைத்தால் வேலையே நின்றுவிடும். நூல் உதிரும் பருத்தித் துணி வேண்டாம். நெருக்கமான நைலான் துணி ஏற்றது. எல்லாக் கதவுகளுக்கும் வேண்டிய வண்ணத்தை ஒரே வாளியில் ஒருசேரக் கலந்துவிடுங்கள். தனித்தனியாகக் கலந்தால் நிறம் கதவுக்குக் கதவு வேறுபடும்.

கை பழகும் விதம்

தூசி பறக்காதிருக்கத் தரையில் நீர் தெளித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது துளிகளைப் பாதி வழியிலேயே காய வைத்துவிடும். அருகில் சுவிட்சுப் பலகை இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, பலகையை மூடி ஒட்டிவிடுங்கள். இது நீர் கலந்த வண்ணம் என்பதை மறவாதீர்கள். நம் ஊர் வெயிலில் நண்பகல் வேண்டாம். காலை வேளை சிறந்தது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் வண்ணம் உலர நேரமாகும். அடுத்த பூச்சுக்கு அவசரப்படக் கூடாது.

கதவை மேசைமேல் கட்டைகள் கொடுத்துக் கிடத்தி வைத்தால் வழியும் அபாயம் குறையும். முதலில் ஓர் அட்டைப் பெட்டியின்மேல் தெளித்துப் பாருங்கள். விசிறி போன்ற வடிவில், ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக விழ வேண்டும்.

பின்வரும் ஐந்து விதிகளை மனத்தில் இருத்துங்கள்.

1. கையடக்க எச்.வி.எல்.பி. கருவியைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். ஏர்லெஸ் என்றால் ஏறத்தாழ 30 செ.மீ.

2. மணிக்கட்டை வளைத்து விசிறாதீர்கள். தோளிலிருந்து கை முழுவதும் பரப்புக்கு இணையாகச் செல்ல வேண்டும். விசிறினால் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிதாகவும் விழும்.

3. கை நகரத் தொடங்கிய பிறகே விசையை அழுத்துங்கள். கை நிற்பதற்கு முன்பே விடுங்கள். கதவுக்கு வெளியே தொடங்கி, கதவுக்கு வெளியே முடியுங்கள்.

4. ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும்.

5. ஓரங்களையும் செதுக்கு வேலைகளையும் முதலில் முடித்து, அகன்ற பரப்பைக் கடைசியில் தெளியுங்கள்.

முதற்பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். அதை மறைக்க வேண்டும் என்று மேலும் மேலும் தெளிப்பதே வழிதலுக்குக் காரணம். ஈரம் சீராக மின்னும் அளவு போதும். டப்பாவில் குறித்த நேரம் காத்திருந்து, 320 எண் தாளால் மென்மையாக வருடி, துடைத்து, அடுத்த பூச்சைத் தெளியுங்கள். மெல்லிய பூச்சுகள் மூன்று, தடித்த பூச்சு ஒன்றைவிட அழகும் உறுதியும் வாய்ந்தவை.

குறையும் காரணமும்

ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள்: வண்ணம் கெட்டி, அல்லது கருவி தொலைவில் இருக்கிறது, அல்லது வெப்பம் அதிகம்.

கண்ணீர் போன்ற வழிதல்: நீர் மிகுதி, கை மெதுவாகச் செல்கிறது, அல்லது கருவி மிக அருகில் இருக்கிறது. வழிந்ததை ஈரத்தோடு விரலால் துடைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பின் உப்புத்தாளால் சமன்செய்து மீண்டும் தெளியுங்கள்.

மணல் தூவியது போன்ற சொரசொரப்பு: துளிகள் காற்றிலேயே காய்ந்து விழுகின்றன. கருவியை அருகே கொண்டுவருக. காற்றோட்டம் நேரே படாதவாறு மறைப்பிடுக.

விசிறியின் இரு ஓரங்களிலும் தடித்த கோடுகள்: ஏர்லெஸ் கருவியில் அழுத்தம் போதவில்லை, அல்லது முனை தேய்ந்துவிட்டது.

விட்டு விட்டுத் துப்புதல்: முனையில் அடைப்பு, அல்லது குவளையில் வண்ணம் தீர்ந்துவருகிறது.

மூச்சும் கையும்

எமல்ஷனில் மண்ணெண்ணெய் வாடை இல்லாததால் அது தீங்கற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். தூரிகையால் அடிக்கும்போது அபாயம் குறைவுதான். தெளிக்கும்போதோ நிறப்பொடியும் பிசினும் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்த மருந்தும் நுண்சாரலாகி நுரையீரலுக்குள் செல்கின்றன. கைக்குட்டை கட்டிக்கொள்வது இதைத் தடுக்காது. குறைந்தது 'என்-95' தர முகமூடி வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் வேண்டும். தாடி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய முகமூடி தோலோடு ஒட்டி நின்றால்தான் பயன்தரும். தாடியின் இடைவெளி வழியே சாரல் உள்ளே போய்விடும். அத்தகையோர் திறந்த முற்றத்திலோ மொட்டை மாடியின் நிழலிலோ, காற்று தம் பின்னாலிருந்து வருமாறு நின்று தெளிப்பதும், தெளிக்கும் நேரத்தைக் குறுக்கிக்கொள்வதும் நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவரை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏர்லெஸ் கருவியைக் கையாளும் தொழிலாளி உங்கள் வீட்டுக்கு வந்தால், அவருக்கும் இதைச் சொல்லுங்கள். அடைத்த முனையை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் வண்ணம் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்க நேரிடும். புள்ளி சிறிதென்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல், அந்த நிமிடமே அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளே புகுந்தது இன்ன வண்ணம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முனையைக் கழற்றுமுன் விசையைப் பூட்டி, அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிடுவதே முறை. நாட்கூலிக்கு வரும் ஒருவரின் விரல்கள் அவர் குடும்பத்தின் உணவு என்பதை நாம் மறக்கலாகாது.

கையுறை அணியுங்கள். காய்ந்த எமல்ஷன் தோலின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒளூச் செய்யும்போது நீர் தோலைச் சேரவிடாது. ஈரமாக இருக்கும்போதே சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் எளிதில் போய்விடும். காய்ந்த பின் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க நேரிடும்.

வேலை முடிந்ததும் கருவியையும் உடனே கழுவுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் உள்ளே காயும் வண்ணம் முனையை நிரந்தரமாக அடைத்துவிடும். மிஞ்சிய வண்ணத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், வடிகட்டிச் சிறு டப்பாவில் நிரப்பி, தேதியும் நிறமும் எழுதி வையுங்கள். பின்னாளில் கீறல் விழுந்தால் உதவும்.

நாட்கணக்கு

இப்போது கூட்டிப் பாருங்கள். கழற்றிக் கழுவி உலர்த்த ஒரு நாள். பட்டியும் உப்புத்தாளும் ஒரு நாள். பிரைமர் ஒரு நாள். மூன்று பூச்சுகளுக்கு நிதானமாக மூன்று நாள்கள். ஆக, ஆறு நாள்கள். அத்துடன் முடிந்ததா? தொட்டால் ஒட்டாத அளவுக்கு எமல்ஷன் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் உள்ளே முழுமையாக இறுகி உறுதிப்பட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. மாட்டிய கதவுகளை இறுக மூடாமல் சற்றே திறந்து வைக்க வேண்டும். மூடினால் கதவின் ஓரமும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது வண்ணம் பெயர்ந்து வரும்.

எனவே நோன்புப் பெருநாளுக்கு வீடு பொலிய வேண்டுமானால் வேலையை ஷஃபானிலேயே தொடங்கிவிடுங்கள். ரமழானில் நோன்பு வைத்துக்கொண்டு, முகமூடிக்குள் நாவறண்டு, வெப்பத்தில் நின்று தெளிக்கும் சிரமமும் இராது. பெருநாளன்று விருந்தினர் கதவைத் தொடும்போது வண்ணமும் நன்றாக இறுகியிருக்கும். திருமண வீட்டாருக்கும் இதே கணக்குதான். நாள் குறித்த அன்றே வண்ண வேலைக்கும் நாள் குறித்துவிடுங்கள். பெருநாளுக்கு நான்கு நாள்களே இருக்கின்றனவா? கதவைக் கழுவித் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அவசரத்தில் அடித்த வண்ணத்தைவிடச் சுத்தமான பழைய வண்ணம் எவ்வளவோ மேல்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில், மழைக்காலத்தில் சுவரில் உப்புப் பூப்பது ஏன், அதைத் தடுப்பது எவ்வாறு என்பதைக் காண்போம்.